செவிலியர் கைக்கு முதலில் எந்த ஏஐ? ஒரு வார்டுக்கான ஒப்பீடு

மாவட்டத் தலைநகர் ஒன்றில் 150 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். பில்லும் லேப் ரிப்போர்ட்டும் கணினியில் இருக்கின்றன, டி.பி.ஆர். சார்ட்டும் (வெப்பம், நாடி, மூச்சு குறிக்கும் தாள்) நர்சிங் குறிப்பும் இன்னும் காகிதத்தில். பொது வார்டில் பகலில் எட்டு நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், இரவில் 15 பேருக்கு ஒருவர். இப்படிப்பட்ட இடத்துக்கு நான்கு வகை ஏஐ கருவிகளை விற்க வருகிறார்கள். நோயாளியின் நிலை மோசமாகப் போவதை முன்கூட்டியே சொல்லும் மென்பொருள். மெத்தைக்கு அடியில் இருந்து இதயத் துடிப்பையும் மூச்சையும் எண்ணும் உணரி. பேசினால் நர்சிங் குறிப்பாக எழுதித் தரும் செயலி. ட்யூட்டி ரோஸ்டர் போட்டுத் தரும் நிரல். நான்கையும் ஒன்றாக வாங்கப் பணம் இருக்காது. பணம் இருந்தாலும் ஒரே சமயத்தில் நான்கு புது வழக்கங்களை ஒரு வார்டு தாங்காது. முதலில் எது?

எங்கள் விடையை இங்கேயே சொல்லிவிடுகிறோம். முதலில் மெத்தை உணரி, அதுவும் ஒரே வார்டில் 12 படுக்கைகளுக்கு மட்டும். அடுத்தது பேச்சுச் செயலி, ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவருக்கு மட்டும். ரோஸ்டர் நிரல், செவிலியர்களே கேட்டால். முன்கணிப்பு மென்பொருள் கடைசியில். விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்லும் வரிசை பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழாக இருக்கும், ஏனென்றால் முன்கணிப்புதான் விலை கூடியது, கேட்க அழகானது.

தயாரா என்று கேட்டால் தயார் என்றுதான் வரும்

வாங்குவதற்கு முன் செவிலியர்களுக்குக் கேள்வித்தாள் கொடுப்பது வழக்கம். அதற்குப் பின்னால் நல்ல ஆய்வு மரபு இருக்கிறது. ஒரு புதுக் கருவியை மனிதர்கள் ஏற்பதை இரண்டு எண்ணங்கள் தீர்மானிக்கின்றன என்று 1989-இல் ஃபிரெட் டேவிஸ் எழுதினார்: இதனால் எனக்குப் பயன் உண்டா, இதைக் கையாள்வது எளிதா. 2003-இல் வெங்கடேஷும் அவரோடு ஆய்ந்தவர்களும் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: சுற்றியிருப்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள், கருவியைத் தாங்கிப்பிடிக்க ஏற்பாடு இருக்கிறதா. சென்னை ஐஐடியில் படித்த பரசுராமன் 2000-இல் வெளியிட்ட தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோல் நம்பிக்கை, புதுமை நாட்டம், அசௌகரியம், பாதுகாப்பற்ற உணர்வு ஆகிய நான்கையும் தனித்தனியே அளக்கிறது. ஒரே செவிலியரிடம் நம்பிக்கையும் அச்சமும் சேர்ந்தே இருக்கலாம் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் நமக்கு அது பிடிக்கும்.

சிக்கல் அளவுகோலில் இல்லை, கொடுக்கும் விதத்தில். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கையால் கொடுத்து, அன்றே திருப்பி வாங்கும் தாளில் யாரும் “தயாரில்லை” என்று டிக் செய்ய மாட்டார்கள். பெயர் கேட்காவிட்டாலும் கையெழுத்து தெரிந்துவிடுமே என்ற நினைப்பு இருக்கும். மூன்று மாதம் கழித்து அதே வார்டில் டேப்லெட், இன்சார்ஜ் சிஸ்டரின் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். “தொலைஞ்சா யார் பொறுப்பு?” என்பதுதான் காரணமாக இருக்கும். அந்தக் கேள்வி எந்தத் தாளிலும் அச்சாகியிருக்காது.

ஆகவே ஒவ்வொரு கருவியையும் மூன்று கேள்விகளால் சோதிக்கச் சொல்கிறோம். ஒரு ஷிஃப்டில் இது எத்தனை நிமிட வேலையை எடுத்துக்கொள்கிறது, எத்தனை நிமிடத்தைக் கூட்டுகிறது? இது தவறாகச் சொன்னால் கேஸ் ஷீட்டில் யார் கையெழுத்து நிற்கும்? இது சரியாகச் சொன்னால் வரவேண்டிய டாக்டர் வருவாரா? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கருவி சரியாக எச்சரித்து, செவிலியர் போன் செய்து, யாரும் வராமல் போன ஓர் இரவு போதும். அடுத்த எச்சரிக்கையை அவர் திரும்பிப் பார்க்காததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு மூச்சு எண்ணிக்கையின் விலை

மெத்தை உணரியை முன்னால் வைத்ததற்குக் காரணம் மூச்சு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய நியூஸ்-2 என்ற மதிப்பெண் முறை ஏழு விவரங்களைக் கேட்கிறது: மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் செறிவு, நோயாளிக்கு ஆக்சிஜன் ஓடுகிறதா, மேல் ரத்த அழுத்தம், நாடி, நினைவு நிலை, காய்ச்சல். இதில் ஏஐ எதுவும் இல்லை. விரல் விட்டுக் கூட்டும் கணக்கு. கூட்டுத்தொகை 5 வந்தால் உடனே டாக்டருக்குச் சொல்லி மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். 7 வந்தால் அவசர நிலை, இடைவிடாத கண்காணிப்பு.

ஒரு நோயாளியைப் பாருங்கள். ஆக்சிஜன் செறிவு 94, அதற்கு 1. ஆக்சிஜன் ஓடவில்லை, 0. மேல் அழுத்தம் 108, அதற்கு 1. நாடி 108, அதற்கும் 1. உடல் வெப்பம் 38.4 டிகிரி செல்சியஸ், 1. நினைவு தெளிவு, 0. இதுவரை 4. மூச்சு எண்ணிக்கையை 20 என்று எழுதினால் அதற்கு 0. மொத்தம் 4, நான்கிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். உண்மையான மூச்சு 26 என்றால் அதற்கு 3. மொத்தம் 7, இப்போதே டாக்டர் கட்டிலருகே நிற்க வேண்டும். ஒரே நோயாளி, ஒரே நிமிடம். ஓர் எண்தான் வித்தியாசம்.

அந்த எண்தான் உலகம் முழுக்க வார்டுகளில் எண்ணப்படாமல் எழுதப்படுகிறது. 18, 20, 20, 18 என்று டி.பி.ஆர். சார்ட்டில் வரிசையாக இருந்தால் பெரும்பாலும் யாரும் எண்ணவில்லை என்று பொருள். அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். முழு நிமிடம் எண்ணினால் 15 பேருக்கு 15 நிமிடம். இரவில் மூன்று சுற்று என்றால் முக்கால் மணி நேரம் மூச்சுக்கு மட்டும். அந்த நேரத்தில் ஐ.வி. லைன் அடைத்திருக்கும், ஒருவருக்கு நெபுலைசர் கொடுக்க வேண்டும், ஒரு புது அட்மிஷன் மேலே வந்திருக்கும்.

மெத்தை உணரி இந்த முக்கால் மணி நேரத்தைத் திருப்பித் தருகிறது. இதயம் ஒவ்வொரு முறை ரத்தத்தைத் தள்ளும்போதும் உடலில் எழும் நுண்ணிய அதிர்வையும், நெஞ்சு ஏறி இறங்கும் அசைவையும், மெத்தைக்கடியில் நெஞ்சுக்கு நேராக விரித்த மெல்லிய விரிப்பு பிடிக்கிறது. பெங்களூருவின் டோஸி போன்ற இந்திய நிறுவனங்களே இதைச் செய்கின்றன. நோயாளி உடம்பில் எதுவும் ஒட்டுவதில்லை. செவிலியர் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் பெரிய வசதி. முதல் கேள்வியில் இது மட்டுமே முழு மதிப்பெண் வாங்குகிறது.

ஆனால் நம் வார்டுகளில் இது எங்கெல்லாம் தடுக்கும் என்பதைத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். கூட இருக்கும் அட்டெண்டர் கட்டிலிலேயே உட்கார்ந்தால், இரண்டு உடல்களின் அசைவு கலந்துவிடும். பிரசவ வார்டில் தாயருகே குழந்தை படுத்திருக்கும்; அங்கே இதை வைக்க வேண்டாம். முதுகு வலிக்கிறது என்று நோயாளி பாயை விரித்துத் தரையில் படுப்பது நமக்குப் புதிதல்ல. “படுக்கை காலி” என்ற எச்சரிக்கை இரவெல்லாம் அடிக்கும். படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் ஏர் பெட்டின் பம்ப் அதிர்வு அளவீட்டைக் குழப்பக்கூடும். உங்களிடம் இருக்கும் அதே ஏர் பெட்டைப் போட்டு, விற்பவரின் கண்முன்னே சோதித்துப் பாருங்கள். சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்களிடம் துடிப்பு எண்ணிக்கையைக் கையால் ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பெட் மாற்றம். 9-ஆம் பெட் நோயாளியை ஜன்னலோரம் 14-க்கு மாற்றுவார்கள். கணினியில் மாற்ற மறந்துவிடுவார்கள். 14-இல் மூச்சு வாங்கும்போது திரையில் வேறொருவர் பெயர் ஒளிரும். பெட் மாற்றும்போது பெயர் மாற்றுவது யார் வேலை என்பதை முதல் நாளே ஒருவர் மேல் வைக்க வேண்டும். வார்டு கிளார்க் இருந்தால் அவர், இல்லாவிட்டால் அந்தப் படுக்கையைப் பெற்றுக்கொள்ளும் செவிலியர். ஒவ்வொரு ஹேண்ட் ஓவரிலும் திரையில் இருக்கும் பெயரையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஒத்துப் பார்ப்பது கட்டாயம்.

இன்னொன்று. இந்த உணரி ஏழில் இரண்டைத்தான் எண்ணுகிறது. ஆக்சிஜன் செறிவுக்கு விரலில் கருவி மாட்ட வேண்டும். ரத்த அழுத்தம், வெப்பம், நினைவு நிலை இன்னும் செவிலியர் கையில்தான். கையில் கஃப் கட்டாமலே பி.பி. சொல்லும் என்று விளம்பரம் செய்தால், முதல் மாதம் முழுக்கச் சாதாரண பி.பி. ஆப்பரேட்டஸோடு ஒப்பிட்ட பிறகுதான் அதைச் சார்ட்டில் ஏற்ற வேண்டும். விரல் கருவியிலும் நமக்கென்றே ஒரு கவலை உண்டு. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த அமெரிக்க ஆய்வில், கருவி 92-லிருந்து 96 வரை காட்டிக்கொண்டிருந்தபோதே ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் 88-க்கும் கீழே இருந்த நேர்வுகள் வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. கருத்த தோலில் கருவி கூட்டிக் காட்டுகிறது. நம் நோயாளிகளில் எத்தனை பேருக்கு இது பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. திரையில் 95 இருந்தும் நோயாளி வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், செவிலியரின் கண் சொல்வதுதான் செல்லும் என்று விதிமுறைத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

எச்சரிக்கை எத்தனை என்ற கணக்கு

உணரியை வாங்கியதும் விற்பனையாளர் எல்லா எச்சரிக்கையையும் திறந்துவிட்டுப் போவார். அங்கேதான் கருவி சாகும். 12 படுக்கை, ஒவ்வொன்றும் ஒரு இரவில் இரண்டே முறை அடித்தாலும் 24 எச்சரிக்கை. 12 மணி நேர ஷிஃப்டில் அரை மணிக்கு ஒன்று. எழுந்து போய், பார்த்து, எழுதித் திரும்ப நான்கு நிமிடம் என்றால் 96 நிமிடம். மூச்சு எண்ணிக்கையில் மிச்சம் பிடித்த நேரம் இருமடங்குக்கும் மேலாகத் திரும்பப் போய்விட்டது.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013 ஏப்ரலில் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பு, மருத்துவமனை அலாரங்களில் 85 முதல் 99 விழுக்காடு வரை எந்தச் சிகிச்சையும் தேவைப்படாதவை என்றது. 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பான 98 நிகழ்வுகள் அதன் கவனத்துக்கு வந்தன; அவற்றில் 80 பேர் இறந்திருந்தார்கள். ஓயாமல் அடித்தால் காது பழகிவிடுகிறது. ஒலியைக் குறைப்பார்கள், பிறகு நிறுத்துவார்கள், பிறகு ஒயரைக் கழற்றுவார்கள். இதை ஒழுங்கீனம் என்று மெமோ கொடுப்பது நோயை விட்டுவிட்டு வலியைத் திட்டுவது போல.

செய்ய வேண்டியது வேறு. முதல் இரண்டு வாரம் எச்சரிக்கை செவிலியருக்குப் போகவே கூடாது, பின்னால் பதிவாகட்டும். எத்தனை வந்தன, அவற்றில் எத்தனை பேருக்கு உண்மையில் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது என்று இன்சார்ஜ் சிஸ்டரும் ட்யூட்டி டாக்டரும் உட்கார்ந்து எண்ணட்டும். பிறகு எல்லையை அமைக்கலாம். மூச்சு 24-ஐத் தாண்டிய நொடியில் அடிக்காமல், ஐந்து நிமிடம் தாண்டியே நின்றால் மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். புரண்டு படுத்தது, இருமியது எல்லாம் இதில் கழிந்துவிடும். ஒரு செவிலியருக்கு ஒரு ஷிஃப்டில் ஐந்துக்கு மேல் வரக் கூடாது என்பது நாங்கள் சொல்லும் உச்சவரம்பு. ஆராய்ச்சி கொடுத்த எண் இல்லை இது. ஒரு இரவில் ஓர் ஆளால் முழு மனத்தோடு எழுந்து போகக்கூடிய அளவு.

நியூஸ்-2 எங்கே பொருந்தாது என்பதும் விதிமுறைத் தாளில் இருக்கட்டும். 16 வயதுக்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. கரியமில வாயு தேங்கும் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92. அவர்களுக்குத் தனி அளவு உண்டு, அதை டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐ.சி.யூ.வில் ஏற்கெனவே மானிட்டர்கள் இருக்கின்றன. அங்கே இன்னொரு கருவி இன்னொரு சத்தம்தான்.

முன்கணிப்பு ஏன் கடைசியில்

முன்கணிப்பு மென்பொருளை நாங்கள் வெறுக்கவில்லை. மருத்துவமனை அதற்குத் தகுதி பெறவில்லை என்பதே காரணம்.

அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிய எபிக் மென்பொருள் நிறுவனத்தின் செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைத் தாக்கும் நிலை) கணிப்பை, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38,455 உள்நோயாளி சேர்க்கைகளில் சோதித்து 2021-இல் ஜமா இன்டர்னல் மெடிசினில் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 விழுக்காட்டினரை அது தவறவிட்டிருந்தது. அப்படித் தவறவிட்டும், உள்நோயாளிகளில் 18 விழுக்காட்டினருக்கு எச்சரிக்கை அடித்திருந்தது. முழுக்கக் கணினிமயமான இடத்திலேயே இந்த நிலை.

நல்ல மென்பொருளுக்கும் ஒரு கணக்குத் தடை உண்டு. விளக்கத்துக்கு ஓர் உதாரணம்: 1,000 நோயாளிகளில் 40 பேர் மோசமாகப் போகிறார்கள். மென்பொருள் அவர்களில் 80 விழுக்காட்டைப் பிடிக்கிறது, நன்றாக இருப்பவர்களில் 85 விழுக்காட்டைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்கப் பிரமாதம். 32 பேருக்குச் சரியாக அடிக்கும். மீதி 960 பேரில் 144 பேருக்கு வீணாக அடிக்கும். ஆக 176 எச்சரிக்கையில் 32 உண்மை, ஐந்தரைக்கு ஒன்று. விற்பனையாளர் “85 விழுக்காடு துல்லியம்” என்றால், “ஒரு உண்மைக்கு எத்தனை வெறும் அலாரம்?” என்று திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நேர்மாறான ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. செவிலியர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சாரா ரொசெட்டி தலைமையிலான குழு உருவாக்கிய கன்சர்ன் என்ற முறை, லேப் எண்களை முதன்மையாக நம்பாமல், செவிலியர் என்ன செய்கிறார் என்பதைப் படிக்கிறது. வழக்கத்துக்கு மாறாக ஒருவருக்கு நாடி, மூச்சு, பி.பி. போன்ற வைட்டல்ஸை அடிக்கடி பார்க்கிறாரா, நேரம் கெட்ட நேரத்தில் பார்க்கிறாரா, கூடுதலாக ஒரு வரி எழுதுகிறாரா. “இந்தப் பேஷண்ட் என்னமோ சரியில்லை” என்ற உள்ளுணர்வு சொல்லாக வருமுன் கையில் வந்துவிடுகிறது. அந்தத் தடத்தை மென்பொருள் பிடிக்கிறது. இரண்டு மருத்துவ அமைப்புகளின் 74 பிரிவுகளில், 60,000-க்கும் மேற்பட்ட சேர்க்கைகளில் நடந்த சோதனையின் முடிவு 2025-இல் நேச்சர் மெடிசினில் வந்தது: இறப்பு அபாயம் 35.6 விழுக்காடு குறைவு. செவிலியரை மாற்ற வந்த ஏஐ என்ற பேச்சுக்கு நடுவே, செவிலியரின் கவலையையே சாட்சியாக எடுத்துக்கொள்ளும் ஏஐ இது.

நம் மருத்துவமனையில் இது ஏன் ஓடாது? காரணம் நேரம். காலை 6 மணி வைட்டல்ஸை 8 மணிக்கு ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து எழுதினால், எப்போது பார்த்தார் என்ற தடமே அழிந்துவிடுகிறது. வார்டு முழுக்க ஒரே லாகின் ஐடியில் எல்லோரும் ஏற்றினால், யார் பார்த்தார் என்பதும் போய்விடுகிறது. காகிதத்திலும் எழுதி, கணினியிலும் ஏற்று என்றால் இரட்டை வேலை. இரண்டாவது வேலை எப்போதும் பின்தேதியில்தான் நடக்கும். படுக்கையருகே, அந்தந்த நேரத்தில், அவரவர் ஐடியில் பதியும் பழக்கம் ஒரு வருடம் நின்ற பிறகு முன்கணிப்பைப் பற்றிப் பேசலாம்.

பேசி எழுதுவது

நேரத்தை அதிகம் மிச்சப்படுத்தக்கூடியது இதுதான் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. செவிலியர்களிடம் கேட்டால் எழுத்து வேலையைத்தான் முதல் பாரமாகச் சொல்வார்கள். இருந்தும் இரண்டாம் இடத்தில் வைக்கிறோம். காரணம் தமிழ்.

வார்டுத் தமிழ் பாதி ஆங்கிலம். “பேஷண்டுக்கு வாமிட்டிங் இல்ல, ரைல்ஸ் ட்யூப் ஃபீட் டூ ஹன்ட்ரட் எம்.எல். குடுத்தாச்சு, யூரின் அவுட்புட் கம்மி” என்ற ஒரே மூச்சை இயந்திரம் பிரித்து எழுத வேண்டும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவின் உழைப்பால் இந்திய மொழிப் பேச்சறிதல் நன்றாக முன்னேறியிருக்கிறது. ஆனாலும் தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, பேச்சில் அந்தக் கடைசி அசையைத்தான் விழுங்குகிறோம். “சாப்பிட்டாங்க”, “சாப்பிடல” இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வால். ட்ராலி உருளும் சத்தத்தில் அந்த வால் அறுந்தால் பொருள் தலைகீழ்.

எண்களும் அப்படியே. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி. பாயிண்ட் ஃபைவ் என்பதில் பாயிண்ட் கேட்காமல் போனால் பத்து மடங்கு. மருந்துப் பெயர்களில் டோபமின், டோபுடமின். இயந்திரம் தவறாகக் கேட்பதாவது கண்ணில் படும். கேட்காததை எழுதுவது அதைவிட மோசம். ஓபன்ஏஐயின் விஸ்பர் பேச்சறிதலை ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வில், சுமார் 1 விழுக்காடு ஒலித்துண்டுகளில் யாருமே பேசாத சொற்றொடர்கள் முளைத்திருந்தன. பேச்சில் இடைவெளி நீளும் இடங்களில் அது கூடுதலாக நடந்தது. செவிலியர் பேசிக்கொண்டே ட்ரிப் செட்டைச் சரிசெய்ய நிறுத்தும் இடங்கள் அவை.

அதனால் எல்லை வகுத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ஹேண்ட் ஓவர் குறிப்புக்கு மட்டும்: இப்போது என்ன நிலை, என்னவாக வந்தார், நான் என்ன கவனித்தேன், அடுத்த ஷிஃப்ட் என்ன செய்ய வேண்டும். இந்த நான்கு தலைப்பில் நோயாளிக்கு ஒரு நிமிடம் பேசினால் போதும். வாங்கிக்கொள்ளும் செவிலியர் எதிரிலேயே இருப்பதால் பிழை அங்கேயே பிடிபடும். மருந்து அளவு, இன்ஜெக்ஷன், ஓட்டும் வேகம் எதையும் குரலால் பதியவே கூடாது; அது கையால்தான்.

வாங்குமுன் ஒரு பிற்பகல் சோதனை போதும். உங்கள் வார்டில் அன்றாடம் சொல்லும் 20 வாக்கியங்களை எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் எட்டு மறுப்பு வாக்கியங்கள், ஆறு எண் வாக்கியங்கள், ஆறு மருந்துப் பெயர்கள் இருக்கட்டும். நெல்லைக்காரர் ஒருவர், கொங்குப் பக்கத்தவர் ஒருவர், மலையாளம் தாய்மொழியாக உள்ளவர் ஒருவர் படிக்கட்டும். இடம், டாக்டர் ரவுண்ட்ஸ் நடக்கும் வார்டு. கூட்ட அறை அல்ல. மறுப்பில் ஒன்று தலைகீழானாலும் அந்தச் செயலி இப்போதைக்கு வேண்டாம். அதில் தேறினால், பத்துக் குறிப்பு கையால் எழுத ஆகும் நேரத்தையும், பத்துக் குறிப்பு பேசித் திருத்த ஆகும் நேரத்தையும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளங்கள். திருத்தும் நேரம் எழுதும் நேரத்தில் பாதியைத் தாண்டினால் செவிலியர்கள் ஒரு மாதத்தில் பேனாவுக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஒலிப்பதிவு எங்கே போகிறது என்பதும் கேட்டே ஆக வேண்டியது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. நோயாளியின் விவரம் எந்த நோக்கத்துக்காக எடுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். செவிலியருக்கு இன்னொரு அச்சம் உண்டு, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்: தன் குரலை வைத்துத் தன் மேலேயே நடவடிக்கை எடுப்பார்களோ என்பது. குறிப்பு சரிபார்க்கப்பட்டதும் ஒலி அழிக்கப்படும், வேலை மதிப்பீட்டுக்குப் பயன்படாது என்று நிர்வாகம் கையெழுத்திட்டு வார்டில் ஒட்டினால் அந்த அச்சம் தணியும். வாய்மொழி உறுதி போதாது.

ரோஸ்டர்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கணினிக்கு இது எளிய வேலை: நைட் முடிந்த மறுநாள் காலை ட்யூட்டி கூடாது, தொடர்ந்து இத்தனை நைட்டுக்கு மேல் கூடாது, ஒவ்வொரு ஷிஃப்டிலும் அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். கணினிக்குத் தெரியாதது: யார் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், யார் வீட்டில் கைக்குழந்தை, போன பொங்கலுக்கு யார் வேலை பார்த்தார். விதிகளைச் செவிலியர்கள் உட்கார்ந்து எழுதி, தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் உரிமையும் வைத்துக்கொண்டால் நன்றாக ஏற்பார்கள். இன்சார்ஜின் பாரபட்சம் என்ற பேச்சும் குறையும். மேலிருந்து இறக்கினால் வார்டே கசந்துவிடும்.

இதே நிரல், “இன்றைக்கு நோயாளி குறைவு, இரண்டு பேர் போதும்” என்று ஆளைக் குறைக்கத் தொடங்கினால் கதை வேறு. 2024 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கைசர் மருத்துவமனை முன்பு கலிஃபோர்னியா செவிலியர் சங்கத்தினர் ஏஐக்கு எதிராகத் திரண்டதற்குப் பின்னால் இந்தக் கவலையும் இருந்தது. பொது வார்டில் ஆறு நோயாளிகளுக்கு ஒருவர் என்ற அளவையே எட்டாத இடத்தில், ஏஐ வந்ததால் ஓர் இடத்தைக்கூடக் குறைக்க மாட்டோம் என்ற எழுத்து உறுதி இல்லாமல் எந்தக் கருவியும் வேர் பிடிக்காது.

பன்னிரண்டு வாரம்

எங்கள் பரிந்துரையின்படி தொடங்குகிறவர்களுக்கு: கருவி வருமுன் ஒரு வாரம், இப்போதைய நிலையை எண்ணி வையுங்கள். 20 நோயாளிகளின் மூச்சை ஒருவர் முழு நிமிடம் எண்ணி, சார்ட்டில் எழுதியதோடு ஒப்பிட்டால், இடைவெளி எவ்வளவு என்று தெரியும். யாரையும் கண்டிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. அதே வாரம் வைஃபை எட்டாத மூலைகள், ப்ளக் பாயிண்ட், கரண்ட் போனால் யூ.பி.எஸ். எத்தனை நிமிடம் தாங்கும் என்று பாருங்கள். அடுத்த இரண்டு வாரம் சத்தமில்லாப் பதிவு. நான்காம் வாரத்திலிருந்து எச்சரிக்கை.

பயிற்சியைப் பிற்பகல் 2 மணிக்கு ஒரே கூட்டமாக நடத்தினால் நைட் ட்யூட்டிக்காரர்கள் தூக்கக் கலக்கத்தில் வந்து உட்காருவார்கள், அல்லது வரவே மாட்டார்கள். கருவி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். இரவு 9 மணிக்கு வார்டிலேயே, கட்டிலருகே 30 நிமிடம், மூன்று இரவு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் கருவி நன்றாகத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அவருக்கு அன்று ஒரு நோயாளியாவது குறைவாகக் கொடுங்கள்.

எச்சரிக்கை வந்து செவிலியர் போன் செய்தால், ட்யூட்டி டாக்டர் 15 நிமிடத்தில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்து யாருக்கு என்ற பெயரும் எண்ணும் சுவரில் இருக்க வேண்டும். இரவில் வார்டுக்கு வர டாக்டரே இல்லை என்றால் உணரியை வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் இரவுக்கு ஒரு டாக்டரைப் போடுங்கள். கருவி அடித்தும் தேவையில்லை என்று செவிலியர் முடிவெடுத்தால், காரணத்தை ஒரு வரியில் எழுத இடம் விடுங்கள். நர்சிங் கவுன்சிலில் பதிவு எண் உள்ளவர் அவர்தான். மென்பொருளுக்குப் பதிவு எண் கிடையாது. அந்த ஒரு வரிகளைச் சேர்த்து வாரம் ஒருமுறை படித்தால், எல்லையை எங்கே மாற்ற வேண்டும் என்று அவையே சொல்லும். எல்லையை மாற்றும் கடவுச்சொல் விற்பனை நிறுவனத்திடம் மட்டும் இருக்கக் கூடாது. இன்சார்ஜ் சிஸ்டரும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்தால் அன்றே மாற வேண்டும்.

பன்னிரண்டாம் வாரம் நான்கு எண்களைப் பாருங்கள்: ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை எச்சரிக்கை, அவற்றில் எத்தனைக்குச் சிகிச்சை மாறியது, டாக்டர் எத்தனை நிமிடத்தில் வந்தார், உணரி எத்தனை மணி நேரம் கழற்றிக் கிடந்தது. கடைசி எண்தான் செவிலியர்களின் உண்மையான பதில். அது கூடிக்கொண்டே போனால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்காகவே, மூன்று மாதத்தில் அபராதமின்றித் திருப்பலாம், அதுவரை சேர்ந்த நோயாளித் தரவை நிறுவனம் அழித்துவிடும் என்ற இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் முதலிலேயே சேர்த்து வாங்குங்கள்.